தலைமாடு வடக்கே

வடலூர்,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் சாதிக் அலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் அப்சானாவும் பேத்தி சைமாவும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். நான் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. காலையில் இருட்டிக்கொண்டு வருகிறது, பத்து மணிக்கெல்லாம் வெயில் அடிக்கிறது.

ஜூலையில் உன் வீட்டிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து நீ என்னுடன் பேசவில்லை. நான் போன் செய்தால் அப்சானா எடுக்கிறாள், நீ ஷிப்டில் இருப்பதாகச் சொல்கிறாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஷிப்டில் இருக்கிற ஆளை என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்ததில்லை. அவள் பாவம், பொய் சொல்லத் தெரியாத பெண். அதனால்தான் கையால் எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவுக்குத் தபால் போய்ச் சேருவதற்குள் காரியம் கடந்துவிடும். பக்கங்களைப் படம் எடுத்து அவள் எண்ணுக்கு அனுப்புகிறேன். அவளைக் கோபிக்காதே.

எனக்குக் கோர்வையாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினால் ஓரளவு வரும், அதுவும் வரிசை போட்டுக்கொண்டால். எனவே முதலிலேயே குறித்துவிடுகிறேன்:

1. அம்மாவின் கபர் பற்றி ஜமாஅத் எடுத்திருக்கும் முடிவு.
2. நீ என்னைக் கூட்டிப்போன அந்த ஆளில்லாத சுரங்க ஊர்.
3. அங்கே மையவாடியில் நான் சொன்னது சரியே என்பது.
4. உன்னிடம் எனக்கு வேண்டியது.

முதலாவது. நெய்வேலிச் சுரங்கம் உன் அம்மா பிறந்த ஊரை நெருங்கிவிட்டது. வீடுகள் போன வருஷமே காலி. பள்ளிவாசலில் கடைசித் தொழுகையும் முடிந்துவிட்டது. அவளை அடக்கிய மையவாடி மட்டும் வேலிக்குள் நிற்கிறது. அதற்குப் பதிலாக வடலூர்ப் பக்கம் ஒரு மேட்டு நிலம் கிடைத்திருக்கிறது. கட்டாயம் ஏற்பட்டால் கபரை மாற்றலாம் என்று மார்க்கம் படித்த இரண்டு ஆலிம்களிடம் கேட்டு எழுதி வாங்கியாகிவிட்டது. விருப்பப்பட்ட குடும்பங்கள் மாற்றிக்கொள்ளலாம், மற்றவை இருந்தபடி இருக்கும் என்று ஜமாஅத் சொல்லிவிட்டது.

இருந்தபடி இருக்கும் என்றால் என்ன என்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. மேல்மண்ணை வெட்டி எடுக்கிற பிரிவுக்குத்தான் நான் முப்பத்தாறு வருஷம் வரைபடம் போட்டேன். களிமண்ணுக்கு ஒரு நிறம், மணற்பாறைக்கு ஒரு நிறம், கரிக்குக் கறுப்பு. கபர் என்று தனியாக ஒரு அடுக்கை நான் எந்தப் படத்திலும் வரைந்ததில்லை.

மாற்றுவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கணவன் மட்டும் சொன்னால் போதாது, வளர்ந்த பிள்ளைகளும் சம்மதம் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு குடும்பத்தில் அண்ணன் மாற்றலாம் என்கிறான், தம்பி கூடாது என்கிறான். மண்வெட்டியோடு வந்தவர்களை வைத்துக்கொண்டே இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஜமாஅத்தை நடத்தும் முத்தவல்லி இதில் கறாராக இருக்கிறார். நமக்கு நீ ஒரே பிள்ளை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பெயர்களை முடிவு செய்கிறார்கள். உன் வார்த்தை வராவிட்டால் உன் அம்மா தாஜ் பீவி என்ற பெயர் அதில் இருக்காது. ரமலானில் நீதான் போனில் சொன்னாய், “அம்மாவ நானே வந்து தூக்கி வைக்கிறேன் அத்தா, யாரையும் தொட வுடாதீங்க” என்று. அந்த வார்த்தை இன்னும் நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது. உன் வீட்டில் இருந்த இரண்டு மாதத்தில் நீ எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சைமாவையும் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்பினோம். பழைய தங்கச் சுரங்க ஊர், இப்போது யாரும் இல்லை, அத்தாவுக்குப் பிடிக்கும் என்று மட்டும்தான் சொன்னாய். அப்சானா ஒரு கேனில் தண்ணீரும் ஒரு சின்னச் செடியும் எடுத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சிவப்பு மண்ணில் ஒரே நேர்கோடாக ரோடு. வழியில் ஒரு மரம் ஆள் உயரத்துக்கு மேல் இல்லை. ஊர் என்று நீ வண்டியை நிறுத்திய இடத்தில் முதலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தண்டவாளம் இல்லாத ரயில்மேடை. முன்சுவர் மட்டும் நிற்கிற ஒரு ஹோட்டல். அதன் வாசல் வழியாகப் பார்த்தால் பின்னால் வானம். கூரை இல்லாத பேங்க், சுவரில் பதித்த இரும்புப் பெட்டகத்தின் கதவு திறந்தபடி. தெருக்களுக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள், தெருதான் இல்லை. கழிவு மண் மேட்டைப் பார்த்ததும் எனக்கு நம் சுரங்கத்து மண் மலை ஞாபகம் வந்தது. நாம் அதில் முந்திரியும் வேம்பும் வைத்தோம், இவர்கள் ஒன்றும் வைக்காமல் போய்விட்டார்களே என்று உன்னிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அதற்கு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இங்கயும் ஸ்கூல் இருந்துச்சி, ஆஸ்பத்திரி இருந்துச்சி. பத்தாயிரம் பேர் இருந்தாங்க. நெய்வேலியும் ஒரு நாளைக்கு இப்புடித்தான் அத்தா. நீங்க மட்டும் அங்க ஒக்காந்துகினு யாருக்குக் காவல் காக்கறீங்க?”

அதிகாரிகள் முன்னால் திறக்காத வாய் பிள்ளை முன்னால் மட்டும் திறந்துவிடுமா. ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் இறங்கிவிட்டது. மற்றவர் வீட்டு ஜாதகத்தைப் படிக்கிற மாதிரி நீ படித்தாய். நெய்வேலி தண்ணீரைக் குடித்து, நெய்வேலி பள்ளிக்கூடத்தில் படித்து, அப்ரண்டிஸ் முடித்து, பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று எட்டு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவன் நீ. கிடைக்காத வேலையின் மேல் உனக்குள்ள கோபத்தை ஊரின் மேல் காட்டுகிறாய் என்று நினைத்தேன். இப்போதும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன்.

நியாயமாக இன்னொன்றும் எழுத வேண்டும். போன வாரம் டவுன்ஷிப்புக்குப் போயிருந்தேன். நீ பிறந்த பிளாக்கைக் காலி செய்துவிட்டார்கள். பழைய கட்டடம், இடிக்கப்போகிறார்கள். நம் குவார்ட்டர்ஸுக்குக் கதவு இல்லை, ஜன்னல் இல்லை. சமையலறைச் சுவரில் உன் அம்மா காலண்டர் மாட்ட அடித்த ஆணி இருக்கிறது. பின்பக்கம் அவள் வைத்த பலாவுக்கு எண் போட்டிருக்கிறார்கள், வெட்டுவதற்கு. காவலுக்கு இருந்த ஆள் என்னைப் பார்த்து, “யார் நீங்க, உள்ள இன்னா வேல?” என்று கேட்டான். இங்கே குடியிருந்தவன் என்றேன். “எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. சாமான் எதுவும் எடுக்காம வெளிய வாங்க” என்றான். அந்த நேரத்தில் உன் பேச்சுதான் காதில் விழுந்தது. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மூன்றாவது. இதை எழுதத்தான் இரண்டு மூன்று நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரைச் சுற்றிப் பார்த்து முடித்த பிறகு, ஊருக்கு வெளியே கம்பி வேலிக்குள் இருந்த இடத்துக்கு அழைத்துப்போனாய். அந்தக் காலத்தில் தண்ணீரும் சாமானும் சுமக்க ஒட்டகங்களோடு வந்த நம்மவர்களின் மையவாடி என்றாய். ஊர் செத்துவிட்டது, சுற்றுவட்டாரத்தில் நம்மவர்களுக்கு வேறு இடம் இல்லாததால் இது மட்டும் உயிரோடு இருக்கிறது என்றாய். பழைய கபர்கள் இரண்டு வரிசை. அதன் கடைசியில் ஒரு சின்ன மேடு, தலைமாட்டில் ஒரு வெள்ளைக் கல். அப்சானா அதன் பக்கத்தில் உட்கார்ந்து செடிக்குக் குழி தோண்ட ஆரம்பித்தபோதுதான் எனக்குப் புரிந்தது, நீ என்னை ஊர் பார்க்கக் கூட்டிவரவில்லை, அஃப்னானைப் பார்க்கக் கூட்டிவந்தாய் என்று.

பிறந்து இரண்டு வாரம்கூட இருக்காமல் போன உன் பிள்ளை. அப்போது எனக்கு விசா கிடைக்கவில்லை. பக்கத்தில் ஒரு பழைய மையவாடியில் வைத்துவிட்டோம் என்று அன்று போனில் சொன்னாய், அவ்வளவுதான். பக்கம் என்றால் நாலு மணி நேரப் பயணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் நான் மனதைத் தயார் செய்துகொண்டிருப்பேன்.

வேலை செய்யும் இடத்து ஆட்கள் இரண்டு பேருடன் நீயே தோண்டினாய் என்றும், பழைய வரிசையைப் பார்த்து அதே போக்கில் தோண்டினாய் என்றும் சொன்னாய். அப்போதுதான் நான் நிழலைப் பார்த்தேன். உச்சிவேளை. வேலிக் கம்பத்தின் நிழல் வடக்கே நீண்டிருந்தது. மேட்டின் வெள்ளைக் கல்லோ அதற்கு எதிர்ப்பக்கம், தெற்கே இருந்தது. பழைய கபர்களின் கல்லும் அப்படியே. நம் ஊரில் தலைமாடு வடக்கே, கால்மாடு தெற்கே, வலப்பக்கம் ஒருக்களித்து முகம் மேற்கே, தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கும். இங்கே தலைமாடு தெற்கே இருந்தால் முகம் எங்கே போகும்? நான் பார்த்ததைச் சொன்னேன்:

“தலைமாடு தெக்கால இருக்கே சாதிக். புள்ள கிப்லாவுக்கு முதுகு காட்டிகினு படுத்திருக்கான்.”

அப்சானா மண் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். நீ என்னைப் பார்க்கவே இல்லை.

“அத்தா, மொதல்ல ஓதுங்க” என்றாய்.

நான் மறுபடியும் சொன்னேன், முதல் ஆள் செய்த தவற்றையே எல்லாரும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்று. நீ வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாய். அன்று மூடிய வாய் இன்றுவரை திறக்கவில்லை.

சாதிக், எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவன் நான். என் படத்தில் யாராவது குறை சொன்னால் அவர்கள் சொல்வதுதான் சரி என்று முதலில் நினைப்பேன். ஆனால் திசை விஷயத்தில் நான் தடுமாறியதில்லை. கண்ணைக் கட்டிச் சுரங்கத்துக்குள் விட்டாலும் வடக்கைக் காட்டுவேன் என்று பிரிவில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னதற்கா நீ எனக்கு இந்தத் தண்டனை கொடுக்கிறாய்? கசப்பாக இருந்தாலும் உண்மையைச் சொல்வது பெரியவன் கடமை இல்லையா? இங்கே எத்தனையோ வருஷத்துக் கபர்களையே மாற்றப்போகிறோம். அங்கே ஒரு பிள்ளையின் கபரைத் திருத்துவது முடியாத காரியமா என்று ஆலிம்களிடம் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். நீ பதில் சொல்லாமல் இருப்பதே நான் சொன்னது சரி என்பதற்கு அத்தாட்சி என்றும் நினைக்கிறேன்.

இன்று இத்தோடு நிறுத்துகிறேன். நாளை புது மையவாடியில் வரிசைகளுக்குக் கோடு போட வேண்டும், முத்தவல்லி என்னைத்தான் வரச்சொல்லியிருக்கிறார். நான்காவதை வந்து எழுதுகிறேன்.

புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

காலையில் ராஜாங்கத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், சர்வே பிரிவில் என்னோடு இருந்தவர். பக்ரீத்துக்கு நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு பிரியாணியில் உப்பு போதாது என்று அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போவாரே, அவர்தான். ஜமாஅத் இளைஞர்கள் நாலைந்து பேர் செல்போனில் திசை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்குப் போட்ட இரும்புக் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்றதால் ஆளுக்கு ஒரு திசை காட்டியது. ராஜாங்கம் சிரித்துவிட்டு, “அஞ்சி போனு, அஞ்சி வடக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்கப்பா” என்றார்.

நான் பழைய முறையில் செய்தேன். நட்ட நடுவில் ஒரு கம்பு. அதைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு முளை, பிற்பகலில் மறுபடி தொடுகிற இடத்தில் ஒரு முளை. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதிலிருந்து கிப்லாவின் சாய்வு. நடுவே காத்திருக்கும் நேரத்தில் ஒரு பையன் கேட்டான், உச்சிவேளையில் நிழல் ஏன் சார் வடக்கே விழுகிறது என்று. நான் சொன்னேன், பூமத்திய ரேகைக்கு வடக்கே நாம் இருக்கிறோம், இப்போது சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போகிறது, அதனால் நிழல் வடக்கே விழும், ரேகைக்குத் தெற்கே உள்ள நாடுகளில்...

அங்கேயே நின்றுவிட்டேன்.

“இன்னா சார், பாடம் நடத்திகினே இருந்தீங்க, பாதியில வுட்டுட்டீங்க? பையன் ஊருக்குப் போய்ட்டு வந்து எல்லாத்தியும் மறந்துட்டீங்களா?” என்றார் ராஜாங்கம். வெயில் ஏறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். மறுபடியும் நிழலைப் பார்த்தேன்.

ஜூலையில் உன் ஊரில் மார்கழி மாதிரிக் குளிர். நீ வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன். சூரியன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, நிழல் நீளமாக இருந்தது. மார்கழியில் சூரியன் தெற்கேதான் சாயும் என்று என் உடம்பு முடிவு செய்துவிட்டது. புத்தி அதைச் சரிபார்க்கவில்லை. அங்கே சூரியன் வடக்கே சாயும், நிழல் தெற்கே விழும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். நான் வடக்கு என்று பார்த்தது தெற்கு. எனவே தெற்கு என்று உன்னிடம் சொன்ன தலைமாடு வடக்கு.

வீட்டுக்கு வந்து கணக்கும் போட்டுப் பார்த்தேன், இரண்டு தரம். அந்த ஊரிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்கிறது. இங்கேயும் அப்படித்தான். இரண்டுக்கும் இரண்டு மூன்று பாகைதான் வித்தியாசம். இன்று நான் சுண்ணாம்புக் கோடு போட்ட வரிசையும் ஒட்டகக்காரர்களின் வரிசையும் ஏறக்குறைய ஒரே போக்கு. படிக்காதவர்களோ படித்தவர்களோ, அவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். நீயும் சரியாகத்தான் வைத்திருக்கிறாய்.

இது உனக்கு அப்போதே தெரியும். தினமும் அந்த வெயிலில் வேலை செய்கிறவன் நீ. “அத்தா, இங்க சூரியன் வடக்கால போகும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே வாயை மூடியிருப்பேன். நீ சொல்லவில்லை. பேத்தி முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று விட்டாயா, அல்லது நான் பேசியது திசையைப் பற்றியே அல்ல என்று உனக்குத் தெரிந்துவிட்டதா? இரண்டாவதுதான் இருக்கும் என்று படுகிறது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் நெய்வேலியைப் பற்றி நீ சொல்லியிருந்தாய். உன் ஊரிலும் ஒரு குறை கண்டுபிடிக்க எனக்கு அவசரம். கிடைத்த இடம் அதுவாகப் போயிற்று.

நான்காவது. உன்னிடம் ஒரே ஒரு வரி, ‘சம்மதம்’ என்று, அதை மட்டும் கேட்கலாம் என்றுதான் நேற்று நினைத்திருந்தேன். முத்தவல்லிக்கு அது போதும். எனக்குப் போதாது. அம்மாவைப் புது இடத்தில் இறக்கும்போது குழிக்குள் நின்று வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நான் இறங்கினால் என்னைத் தூக்கி விட இரண்டு பேர் வேண்டியிருக்கும். இருப்பது என்னவோ கொஞ்சம்தான், துணியில் கட்டி ஒரு கையால் தூக்கிவிடலாம் என்கிறார்கள். அதற்காகவே அந்நியர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. நவம்பர் முதல் ஞாயிறு என்று வைத்திருக்கிறார்கள். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வார்த்தையை மட்டும் அனுப்பு. வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அதை நீயே உன் குரலில் சொல். அப்சானாவைச் சொல்ல வைக்காதே. அவளிடம் நான் தனியாகப் பேச வேண்டும். எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

அன்று நான் அஃப்னானுக்கு ஓதாமலே வண்டியில் ஏறிவிட்டேன். நீ கவனித்திருப்பாய். விமான டிக்கெட் விலையெல்லாம் எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்: நீ வந்து அம்மாவை வைத்துவிட்டுத் திரும்பும்போது, உனக்கு மனமிருந்தால், என்னையும் உடன் கூட்டிப்போ. அந்த ஊரில் வேறு எதையும் எனக்குக் காட்ட வேண்டாம்.

அல்லாஹ் உன் வீட்டில் சுகத்தையும் ஸலாமத்தையும் நிறைக்கட்டும். சைமாவைப் படிக்க வைக்கட்டும். அப்சானாவின் மனதை ஆற்றட்டும். உன் கோபத்தையும் அவன் நியாயமான அளவுக்கு வைத்திருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

நேற்று எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். எங்கள் பிரிவில் மையில் போட்டுவிட்ட படத்தை அழிக்க மாட்டோம். ஓரத்தில் திருத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அப்படியே செய்கிறேன்.

திருத்தம்: மூன்றாவது தவறு. பிள்ளை கிப்லாவைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறான்.

உன் அத்தா,
நிஜாமுதீன்.